எனக்கு மட்டும் இல்லாத சாவி

அண்ணன் எழுதிக் கொண்டுவந்த காகிதத்தில் மூன்றாவது வரியிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'எங்கள் தந்தை வாழ்நாளில் யாரையும் சந்தேகித்ததில்லை' என்று எழுதியிருந்தான். இறந்துபோனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டியதுதான், அதற்காக இப்படியா? அப்பாவைத் தெரிந்த ஒரே ஒரு ஆள் கூட்டத்தில் இருந்தால் போதும், இடம் பொருள் பார்க்காமல் சிரித்துவிடுவார். வரப்போவதோ முந்நூறு பேர்.

அப்பா முப்பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்து ஒருவர் அவருடைய வாழ்க்கையை எழுதிப் படிக்க வேண்டும். அண்ணன் எழுதுவது, நான் படிப்பது என்று ஏற்பாடு. எனக்குக் குரல் கணீரென்று இருக்கும். அவனுக்கு நாலு பேரைப் பார்த்தாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். வியாழக்கிழமை வந்து காகிதத்தைக் கொடுத்து, ஏதாவது திருத்தணும் என்றால் திருத்திக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனான். நான் அதை மடித்துக் கைப்பையில் போட்டேன். எனக்குத் தெரிந்தாக வேண்டிய ஒன்று பாக்கி இருந்தது. அது தெரியாமல் அப்பாவைப் பற்றி ஒரு வரி என் வாயிலிருந்து வராது.

அவர் ஆஸ்பத்திரி ஸ்டோர் கீப்பர். பத்தொன்பது வயதில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் ஆளாகச் சேர்ந்து, முப்பது வயதில் அந்த ஸ்டோருக்கே பொறுப்பாளர் ஆனவர். கம்பளி, படுக்கை விரிப்பு, சோப்பு, பினாயில், எனாமல் தட்டு, தெர்மாமீட்டர், பஞ்சு என்று தரையிலிருந்து கூரை வரை அடுக்கிய நீள அறை அது. ஒவ்வொரு தட்டிலும் ஒரு அட்டை தொங்கும். எடுத்தவர் எதை எடுத்தார், எத்தனை, எதற்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய டாக்டர் ஒருநாள் அவசரத்தில் ஒரு துண்டை உருவிக்கொண்டு நடக்க, அப்பா அட்டையும் பேனாவுமாக வராந்தா முழுக்க அவர் பின்னாலேயே ஓடினாராம். கடைசியில் அறுவை சிகிச்சை அறை வாசலில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் டாக்டர் உள்ளே போனார்.

வீட்டிலும் அதே கதைதான். சமையலறை அலமாரியில் அட்டை, தீப்பெட்டி டப்பாவில் அட்டை, குளியலறைச் சோப்புக்குக்கூட ஒரு அட்டை. அம்மா ஒருமுறை பொறுக்கமாட்டாமல், 'சர்க்கரை, இரண்டு கரண்டி, உங்கள் வாயில் போட' என்று எழுதி வைத்தாள். அப்பா அதையும் படித்துப் பார்த்து டிக் அடித்தார். யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் நாற்காலிகளை ஒரு சுற்று எண்ணிவிட்டு, வாடகைக்கு விட்டவன் இரண்டு குறைத்துப் போட்டிருக்கிறான் என்று வீட்டுக்காரரின் காதில் ஓதுவார். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும்.

அந்தக் குணம் அப்படியே எனக்கு வந்திருக்கிறது, ஒளிப்பானேன். மேலே இருக்கும் தக்காளியைக் காட்டினால் என் கை தானாக அடியில் போகும். யாராவது காரணமில்லாமல் பல்லைக் காட்டினால் என்ன காரியம் ஆக வேண்டும் என்று யோசிப்பேன். என் வீட்டுக்காரர் எனக்கு வைத்திருக்கும் பெயர் சி.ஐ.டி.

ஆனால் சந்தேகப் பிராணி என்று ஊரெல்லாம் சொன்ன அந்த மனிதரைப் பிடிக்காத ஆள் ஆஸ்பத்திரியில் இல்லை. அவரை எடுத்துப் போன அன்று நர்ஸுகள், லிஃப்ட் ஓட்டுபவர், சலவைக்காரர், தரை துடைப்பவர்கள் என்று தெருவே அடைத்துக்கொண்டது. தலை நரைத்த ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மூன்று தெர்மாமீட்டர்களைப் போட்டு உடைத்தாளாம். அப்பா அவள் உடைத்ததாகவே எழுத வைத்தார். தலைமை நர்ஸிடமும் அவளேதான் போய்ச் சொல்ல வேண்டும், அவளுக்காக வேறொருவர் சொன்னால் அது பொய்க் கையெழுத்து மாதிரி என்றார். ஆனால் தனியாகப் போக விடவில்லை. கூடவே நடந்து போய், திட்டு முழுவதும் வாங்கி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். அந்த நர்ஸ் சொல்லச் சொல்ல நானும் அழுதேன். அழுதுகொண்டே, உங்கள் பக்கத்தில் நின்றவர் என் பக்கத்தில் நிற்கவில்லையே என்று மனசுக்குள் கரித்துக்கொட்டினேன்.

விஷயம் இதுதான். எனக்குப் பதினெட்டு வயதாக இருக்கும்போது அம்மாவின் மோதிரம் ஒன்று காணாமல் போனது. நீலக்கல் வைத்தது. விசேஷத்துக்கு மட்டும் போடுவாள், மற்ற நாளில் அது பீரோவின் கீழ்த் தட்டில், போர்வைகளுக்கு அடியில் ஒரு சின்ன டப்பாவில் இருக்கும். பீரோவை அப்போது யாரும் பூட்டுவதில்லை. துணி தேய்த்து மடித்து அதில் அடுக்குவது என் வேலை. அப்பாவின் அக்கா, அதாவது அத்தை, அந்தச் சமயம் எங்களோடு பத்து நாள் இருக்க வந்திருந்தாள். வீடு முழுக்கத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடியும் கிடைக்காத அன்று, சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் அவள் சொன்னாள்.

"துணி அடுக்குறவ கைதானே தினம் உள்ள போயிட்டு வருது."

நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா தண்ணீர் எடுக்க எழுந்து போனாள். அண்ணனுக்கு அப்போது இருபத்தொன்று, அவன் கை கழுவப் போய்விட்டான். அதற்கு மூன்று நாள் கழித்து அப்பா ஆஸ்பத்திரி ஃபிட்டரைக் கூட்டிவந்து பீரோவுக்குப் புதுப் பூட்டுப் போட்டார். நாலு சாவி. ஒன்று அவருக்கு, ஒன்று அம்மாவுக்கு, ஒன்று அண்ணனுக்கு. நாலாவது சாவியை, இன்னும் இரண்டு நாளில் ஊருக்குக் கிளம்பப்போகிற அத்தையின் கையில் வைத்து, உங்களிடமும் ஒன்று இருக்கட்டும் அக்கா என்றார். எனக்கு இல்லை.

நான் அந்த மோதிரத்தைத் தொடவில்லை. அதை நான் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. என்னை யாரும் கேட்கவில்லையே, கேட்காததற்கு எப்படிப் பதில் சொல்வது? அன்றிலிருந்து துணி அடுக்க வேண்டுமென்றால் யாரிடமாவது போய்ப் பீரோவைத் திறந்துவிடச் சொல்லி நிற்பேன். அப்பா திறந்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். முகத்தில் கோபமும் இருக்காது, ஒன்றும் இருக்காது. எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

என் கல்யாணத்தை ஒட்டி அவர் திடீரென்று மாறினார். என்னிடம் கேலி பேச ஆரம்பித்தார். கல்யாணமாகிப் போன பிறகு வாரம் தவறாமல் என் வீட்டுக்கு வருவார், பேத்தியைத் தூக்கி வைத்துக்கொள்வார், என் சமையலறை அலமாரியைப் பார்த்து, அட்டை இல்லாத வீட்டில் எப்படிம்மா தூக்கம் வருகிறது என்பார். வேறு யாராக இருந்தாலும் உருகிப்போயிருப்பார்கள். நான் உருகவில்லை. மன்னித்துவிட்டேன் என்று காட்டுகிறாரா? செய்யாத தப்புக்கு மன்னிப்பு எதற்கு என்று மனசுக்குள் பொருமிக்கொண்டு, வெடுக்கென்று வேறு எதையாவது பேசுவேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். கடைசி நாலு மாதம் என் வீட்டில்தான் படுத்திருந்தார். நான்தான் துடைத்துவிட்டேன், நான்தான் ஊட்டினேன். கேட்டுவிடலாம், கேட்டுவிடலாம் என்று வார்த்தையை மென்று முழுங்கினேன். பிறகு அவருக்குப் பேச்சு நின்றது, பத்தே நாளில் மூச்சும் நின்றது.

எண்பத்தொரு வயதில் ஒரு மனிதர் தன் மகளைத் திருடி என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினாரா, இல்லையா? எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் குச்சி மாமா வீட்டுக்குப் போனேன். ஸ்டோரில் அப்பாவுக்குக் கீழே இருபது வருஷம் வேலை பார்த்தவர். ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பார் என்று ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். இப்போது எழுபது வயது, கொஞ்சம் தொப்பைகூட வந்துவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. எனக்கு நாற்பத்தொன்பது, அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். கூட்டத்தில் படிக்க விவரம் சேர்க்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லி உட்கார்ந்தேன். பேச்சோடு பேச்சாக, அப்பா உங்களை ரொம்ப நம்பினாரோ என்று வாயைக் கிளறினேன்.

அவர் சிரித்தார். இருபது வருஷத்தில் அப்பா ஒருநாள்கூட அவர் கையில் ஸ்டோர் சாவியைக் கொடுத்ததில்லையாம். அவருக்குப் பின்னால் வந்தவனுக்கெல்லாம் சாவி, அவருக்கு மட்டும் இல்லை. முதல் நாலு வருஷம் அப்பா முகத்தில் விழிக்கவே பிடிக்காமல், வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி இரண்டு முறை மனுக் கொடுத்திருக்கிறார். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் நாற்பது புதுக் கம்பளிகள் காணாமல் போயின. விசாரணை வந்தது. சாவி வைத்திருந்த நாலு பேரையும், அப்பா உட்பட, பதினோரு நாள் உட்கார வைத்துக் குடைந்தார்கள். குச்சி மாமாவை ஒருவரும் கூப்பிடவில்லை. சாவியே இல்லாத ஆளை எதற்குக் கூப்பிடுவது?

"அப்பத்தான் பாப்பா ஐயா வாயத் தொறந்தாரு. 'எவன் எடுக்க மாட்டான்னு எனக்கு நிச்சயமாத் தெரியுமோ அவனுக்குச் சாவி குடுக்க மாட்டேன்டா. நாளைக்கு ஒண்ணு காணாமப் போனா அவன் மேல ஒருத்தனும் கை நீட்டக் கூடாது'ன்னாரு."

முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொல்லியிருந்தால் விசாரணையில் நான் உளறியிருப்பேன், அதற்கப்புறம் அந்த உபாயம் யாருக்கும் உதவாது என்றார் குச்சி மாமா. இன்னொன்றும் சொன்னார். எவன் அடுத்தவனைப் பற்றி அதிகமாகக் கோள் சொல்கிறானோ, அப்பா தேடிப்போய் அவன் கையில்தான் முதல் சாவியைக் கொடுப்பாராம். கொடுத்தால் அத்தோடு வாய் மூடிவிடும். அத்தையின் உள்ளங்கையில் அப்பா சாவியை வைத்தது எனக்குக் கண் முன்னால் வந்தது. ஊருக்குப் போகும்வரை அவள் மோதிரம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுத்ததில்லை.

பஸ்ஸில் வரும்போதே என் புத்தி வேலையைக் காட்டிவிட்டது. குச்சி மாமா எதற்கு இதை எனக்குச் சொல்ல வேண்டும்? நான் பெண், அப்பாவைப் பறிகொடுத்தவள், ஆறுதலாக இருக்கட்டும் என்று கதை கட்டினாரா? கம்பளி விஷயம் உண்மையென்றே வைத்துக்கொள்வோம். ஸ்டோர் வேறு, வீடு வேறு. நான் எடுக்கவில்லை என்று அப்பாவுக்கு எப்படி நிச்சயமாகத் தெரியும்? வேறு யார் எடுத்தது என்று தெரிந்திருந்தால் மட்டுமே தெரியும். வீட்டில் இருந்ததோ ஐந்து பேர். அத்தைக்கு மூட்டுவலி, பீரோவின் கீழ்த் தட்டு வரை குனியவே முடியாது. அம்மா தன் மோதிரத்தைத் தானே திருடுவாளா? நான் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அண்ணன் வீட்டுக்கு நடந்தேன்.

அவன் மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் காகிதத்தை எடுத்து மூன்றாவது வரியைக் காட்டி, இதை ஏன் எழுதினாய் என்று கேட்டேன். நல்லதாக இருக்கட்டும் என்று எழுதினேன் என்றான். குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னான். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன்.

"மோதிரத்தை எடுத்தது நீதானே அண்ணா?"

குழாய்த் தண்ணீர் செடித் தொட்டியில் நிரம்பி வழிந்து அவன் காலை நனைத்தது. அவன் நகரவில்லை. பிறகு குழாயை மூடிவிட்டுத் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்தான். ஐம்பத்திரண்டு வயது ஆள், திருதிருவென்று விழித்தான்.

நர்ஸிங் படிக்க வந்த ஒரு பெண்ணிடம் மனசைப் பறிகொடுத்து, அவளுக்கு ஏதாவது கொடுத்தே தீர வேண்டும் என்று மோதிரத்தைக் கொடுத்திருக்கிறான். அவள் ஒரே மாதத்தில் வேறு ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள், மோதிரமும் அவளோடு போய்விட்டது. மோதிரத்தையாவது திருப்பிக் கேட்டாயா என்றேன். எப்படிக் கேட்பது என்று அவன் பரிதாபமாகக் கேட்டபோது, அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

அப்பாவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டதாம். நான் போர்வைகளை மடிப்பு வெளியே தெரியும்படி அடுக்குவேன், எண்ணுவதற்கு வசதியாக. அவர் பழக்கிய பழக்கம். அண்ணன் டப்பாவை எடுத்துவிட்டு அவசரத்தில் மடிப்பை உள்பக்கமாக வைத்துத் திணித்திருக்கிறான். அத்தை என்னைச் சொன்னதற்கு மறுநாளே அப்பா அவனை ஸ்டோருக்கு வரவழைத்து, கம்பளி அடுக்குகளுக்கு நடுவில் நிறுத்திக் கேட்டிருக்கிறார். அவன் ஒப்புக்கொண்டான். அம்மாவிடமும் தங்கையிடமும் நீயே சொல்ல வேண்டும், உனக்காக நான் சொல்ல மாட்டேன் என்றாராம் அப்பா. நர்ஸுக்குச் சொன்ன அதே சட்டம். அவளோடு கூட நடந்த மனிதர் சொந்த மகனோடு பத்தடி நடந்து வந்திருக்கக் கூடாதா? வந்திருந்தால் முப்பத்தொரு வருஷம் எனக்கு மிச்சம்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம், சொல்லிவிட்டாயா, சொல்லிவிட்டாயா என்று அப்பா அவனைத் துளைத்திருக்கிறார். என் கல்யாணத்துக்கு முந்தின வாரம், அந்தத் தொல்லை தாங்காமல், சொல்லிவிட்டேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான்.

"அவ என்ன சொன்னான்னு கேட்டார். சிரிச்சான்னு சொன்னேன். அம்மாவும் விட்டுட்டாங்கன்னு சொன்னேன். அவர் வேற ஒண்ணுமே கேக்கல. அப்படியே நம்பிட்டார்."

சோப்புக் கட்டியை மூன்று முறை எண்ணுகிற மனிதர். பெரிய டாக்டரை நம்பாமல் அட்டையோடு ஓடியவர். வாழ்க்கையில் ஒரே ஒருவன் சொன்னதைச் சரிபார்க்காமல் விட்டார், அது இந்தப் பொய். என் வீட்டுக்கு வந்து கேலி பேசியபோதெல்லாம், எனக்கு எல்லாம் தெரியும், நான் சிரித்து விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். நான் வெடுக்கென்று பேசியதை என் குணம் என்று நினைத்திருப்பார். அண்ணனை அடிக்க வேண்டும் போல இருந்தது. உண்மையிலேயே கை ஓங்கிவிட்டேன். அவன் முகத்தைத் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்ததால் கையை இறக்கிக்கொண்டேன்.

செருப்பை மாட்டு என்றேன். அம்மாவிடம் சொல்ல இன்னும் மிச்சம் இருக்கிறதே. அவன் நாளைக்கு வருகிறேன் என்றான், கூட்டம் முடியட்டும் என்றான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே தெருவில் நடந்தேன். இரண்டு பேருக்கும் நரைத்த தலை. எதிரில் வந்த தபால்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

பழைய வீட்டில் அம்மா கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் சட்டைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள், யாருக்கு எதைக் கொடுப்பது என்று. அண்ணன் வாசற்படியிலேயே நின்றுகொண்டான். நான் அவன் பக்கத்தில் நின்றேன். மோதிரம் என்றான், நான்தான் என்றான், மீதியை மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்லி முடித்தான். அம்மா ஒரு சட்டையின் பொத்தான்களை மேலிருந்து கீழே வரை போட்டு முடித்தாள். அவனைத் திட்டவில்லை. அவனைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அப்ப நீ எடுக்கலையாடி?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"உனக்கு மட்டும் அவர் சாவி குடுக்கலைன்னதும், அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். கேட்டா உன்னைக் காட்டிக் குடுக்கிற மாதிரி ஆயிடுமேன்னு அவரையும் கேக்கல. வயசுப் பொண்ணு, ஆசைப்பட்டு எடுத்துட்டா, போகட்டும்னு மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டேன். ஊரெல்லாம் உன்னைத் தப்பா நெனச்சாலும் நானாவது உன் பக்கம் இருக்கணும்னுதான் உன்மேல ஒரு பிடி கூடவே பாசம் வச்சேன்."

அம்மா செல்லம் என்று எனக்குப் பெயர். தட்டில் ஒன்று கூட விழும், பண்டம் பலகாரம் எனக்குத் தனியாக எடுத்து வைத்திருப்பாள், நான் பேசினால் கோபமே வராது அவளுக்கு. அதெல்லாம் என் பாக்கியம் என்று இருந்தேன். இத்தனை வருஷம் அப்பாவின் முகத்தைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முகத்தை ஒருநாள்கூட அப்படிப் பார்த்ததில்லை. உலகத்தில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் இவள்தான்.

அம்மா சட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் உட்காரவில்லை. அண்ணன் சொல்லி முடித்தாயிற்று, இனி யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் அதை என் வாயால் சொல்லாமல் என்னால் உட்கார முடியவில்லை.

"நான் எடுக்கலம்மா" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நான் இன்னொரு தடவை சொன்னேன்.